வெல்டு வைத்த இடம்

அக்டோபர் 4, வெள்ளி

சிங்காரவேலு அண்ணன் வீட்டு டிராக்டர் காலையில் பட்டறைக்கு வந்தது. அவருடைய அப்பா வாங்கிய வண்டி, ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. இந்த வட்டாரத்தில் இந்த மாடல் இன்னும் ஓடுவது இது ஒன்றுதான். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. முன்னச்சுதான் போய்விட்டது. முன்சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

டிரைவர் வீரமணிதான் கொண்டுவந்தான். பதினோரு வருஷமாக அண்ணனிடம் ஓட்டுகிறவன். "ஒரு வாரமா இடது கைப்பக்கம் இழுக்குதுண்ணே. நான் ஓட்டுறனா அது என்னைய ஓட்டுதான்னு தெரியல" என்றான்.

ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினேன். கால் சுற்று திருப்பும்வரை சக்கரத்தில் அசைவே இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி டயரை ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று சத்தம். கிங் பின், புஷ், பால் ஜாயிண்ட், நடு அச்சு பின் என்று முன்சக்கரம் திரும்பும் மூட்டுகள் எல்லாமே தேய்மானம். முழுதாகப் பிரிக்க வேண்டும்.

பத்து மணிக்கு அண்ணனே வந்துவிட்டார். "ஆத்துல தண்ணி வந்துடுச்சு, நாத்து முத்திக்கிட்டு நிக்கிது. புதன்கெழம வண்டி எனக்கு வேணும் கலியபெருமாளு" என்றார். சரி என்றேன்.

வீட்டில் மங்கை ரேஷன் கடைக்குப் போகச் சொல்லியிருந்தாள். மறந்துவிட்டேன்.

அக்டோபர் 5, சனி

நாள் முழுக்கப் பிரித்தேன். வலது கிங் பின் சுலபமாக வந்துவிட்டது. இடது பக்கத்துப் பின் துருவேறிப் பிடித்துக்கொண்டது. கேஸ் விளக்கால் சூடு காட்டி, டீசல் ஊற்றி, பத்துக் கிலோ சுத்தியலால் மதியம்வரை அடித்த பிறகே அசைந்தது. உள்ளே இருந்த புஷ் வட்டம் போய் முட்டை வடிவத்தில் இருந்தது. கிரீஸ் என்ற பொருளை அந்தப் பக்கம் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும்.

தோள்பட்டை வலி. ரேஷனில் பருப்பு இல்லை, அரிசி மட்டும் வாங்கினேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

மன்னார்குடி போய் வந்தேன். நடு அச்சு பின்னையும் புஷ்களையும் லேத்தில் கடையக் கொடுத்து, இருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். பால் ஜாயிண்ட் நான்கும் வேறு வண்டியுடையதுதான், அளவு பொருந்துகிறது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிய சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கதவு. உள்ளே எல்லோரும் ஒரே நிறச் சட்டை.

அக்டோபர் 7, திங்கள்

எல்லாவற்றையும் டீசலில் கழுவினேன். ஸ்டியரிங் ஆர்மைக் கழுவும்போது கழுத்துப் பகுதியில் விரலில் ஏதோ தட்டியது. துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி தூவி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பொடியில் ஈரமாக ஒரு கோடு எழுந்தது. விரிசல். தலைமுடி அளவுதான். ஆனால் பாதிச் சுற்று ஓடுகிறது.

இந்த ஆர்ம்தான் மேலே ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பியைச் சக்கரத்தோடு சேர்க்கிற கை. இது போனால் மேலே எவ்வளவு திருப்பினாலும் கீழே சக்கரத்துக்குத் தெரியாது.

திருச்சியில் பழைய சாமான் கடைக்குப் போன் செய்தேன். ஒன்று இருக்கிறதாம், வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அண்ணனுக்குப் போன் செய்து ஒரு பார்ட் சரியில்லை, கொஞ்சம் நாள் பிடிக்கும் என்றேன். "சர்வீஸ் சென்டர்காரன் அப்பவே சொன்னான், எடைக்குப் போடுங்கன்னு. நான்தான் கலியபெருமாளு இருக்கான்னேன். முடியலன்னா சொல்லிடு, நான் வாடகைக்கு வேற வண்டி பாத்துக்கறேன்" என்றார்.

முடியும் என்றேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஆர்மில் வெல்டு வைத்தேன். கோட்டின் மேல் பள்ளம் தோண்டி, நன்றாகச் சூடேற்றி, மூன்று அடுக்காக நிரப்பி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டேன். பிறகு கிரைண்டரில் வழவழப்பாக்கிப் பெயின்ட் அடித்தேன். எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 9, புதன்

மாட்டினேன். நூல் பிடித்து முன்சக்கரங்களை நேராக்கினேன். மதகுவரை ஓட்டிப் போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன். ஒரு விரலால் திருப்பலாம். நான்கு மணிக்கு வீரமணி வந்து எடுத்துப் போனான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவிப் பொட்டு வைத்தேன். அண்ணன் போன் செய்து, வண்டி கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராகப் போகிறது என்றார். "எவனாலயும் முடியாது கலியபெருமாளு, ஒன்னாலதான்" என்றார். மங்கைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

காலை ஏழு மணிக்கு ஆற்றங்கரை வளைவில் டிராக்டர் ஆற்றில் இறங்கிவிட்டது. பின்னால் டிரெய்லரில் நடவுக்குப் போன பெண்கள் பதினான்கு பேர். டிரெய்லர் கவிழ்ந்து மூன்று பேர் அடியில் சிக்கிச் செத்துப்போனார்கள். லோகாம்பாள். அஞ்சலை. மதியழகன் மகள் கவுசல்யா, அவளுக்கு இருபது வயதுகூட முடியவில்லை. வேலைக்குப் போனது இதுதான் இரண்டாம் நாள் என்கிறார்கள்.

வீரமணிக்கு மண்டையில் அடி. தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நினைவு இல்லை.

குடித்திருந்தான் என்று டீக்கடையில் பேசினார்கள். அவன் குடிப்பவன் இல்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் ஆற்றுப்பக்கம் போகவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

போனேன். கிரேன் வைத்து வண்டியைக் கரையில் ஏற்றியிருந்தார்கள். ஆர்ம் இரண்டாக இருந்தது. வெல்டு வைத்த இடத்தில்தான்.

அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் எதுவும் உடையும். நல்ல ஆர்மும் உடையும்.

அக்டோபர் 17, வியாழன்

வண்டியைச் சோதிக்க மோட்டார் வாகன ஆய்வாளர் வந்தார். போலீஸார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். அண்ணனும் இருந்தார். மூன்று நாளில் முகம் கறுத்து, ஷேவ் செய்யாமல், அவரைப் பார்க்கவே வேறு ஆள் மாதிரி இருந்தது.

"இதுல வெல்டு வச்சிருக்கே. நீங்களா?" என்றார் ஆய்வாளர்.

"ஆமாங்க."

"ஸ்டியரிங் ஆர்ம்ல வெல்டு வச்சு ரோட்டுக்கு அனுப்பினீங்களா?"

என் வாய் தானாகப் பேசியது. "ரோட்டுக்கு இல்லீங்க. புதுசு வர்ற வரைக்கும் வயல்ல மட்டும் ஓட்டு, டிரெய்லர் மாட்டாதன்னு டிரைவர்கிட்ட சொல்லித்தாங்க குடுத்தேன்."

"வீரமணிகிட்டயா?"

"ஆமாங்க."

அண்ணன் தலையை நிமிர்த்தினார். "எங்கிட்ட அவன் ஒரு வார்த்த சொல்லலீங்களே! சொல்லியிருந்தா நான் ஏங்க பொம்பளைங்கள ஏத்தச் சொல்லப்போறேன்" என்று அழுதார். நிஜமாகவே அழுதார். ஆய்வாளர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் திருச்சிக்குப் போன் செய்து அந்த ஆர்மை அனுப்பச் சொன்னேன்.

அக்டோபர் 18, வெள்ளி

மழை. பட்டறை திறக்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

வீரமணிக்கு நினைவு வந்துவிட்டது. வார்டு வாசலில் போலீஸ் உட்கார்ந்திருக்கிறதாம்.

9-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவனிடம் சொன்னதாக அதில் இல்லை. பேசுவதையெல்லாம் யாரும் எழுதிவைப்பதில்லை. எழுதாததால் சொல்லவில்லை என்று ஆகிவிடுமா?

அக்டோபர் 24, வியாழன்

மங்கை அஞ்சலை வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய் வந்தாள். வந்து குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே, சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம் கேட்டாள்.

"என்னங்க, வீரமணிகிட்ட நெசமாவே சொன்னீங்களா?"

"சொல்லாமலா ஆபீசர்கிட்ட கையெழுத்துப் போடுவேன்?"

"இல்ல, அன்னிக்குச் சாயந்தரம் சாப்புடறப்ப எல்லாத்தயும் சொன்னீங்க. நூலு புடிச்சது, மதகு வரைக்கும் ஓட்டுனது, ஒத்த வெரல்ல திரும்புறது. இத மட்டும் சொல்லல."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 26, சனி

பவர் டில்லர் ஒன்று வந்தது. பிரேக் ஷூ மாற்ற வேண்டும். மாற்றிவிட்டுச் சரியாக இருக்கிறதா என்று ஆறு தடவை பிரித்துப் பார்த்தேன். "போதும் மெக்கானிக்கு" என்று வண்டிக்காரர் சிரித்தார்.

அக்டோபர் 28, திங்கள்

திருச்சியிலிருந்து பார்சல் வந்தது. பிரிக்காமல் மேல் தட்டில் வைத்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எங்கள் தெருவில் யாரும் வெடி வெடிக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

மதியம் வீரமணி பட்டறைக்கு வந்தான். ஜாமீன் கிடைத்துவிட்டது. தலையை மழித்திருந்தார்கள். காதுக்கு மேலிருந்து பிடரிவரை தையல். பொற்செல்வி, அவன் பெண்டாட்டி, வெளியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வா என்று நானும் கூப்பிடவில்லை.

ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். எனக்கு அந்த வாரமே தலையில இல்ல. வண்டிய ஒங்ககிட்ட வுட்டது ஞாபகம் இருக்கு. எடுத்துக்கிட்டுப் போனது இல்ல. அதுக்கப்பறம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஆத்து வளைவு. ஸ்டியரிங்க ஒடிச்சுத் திருப்புறேன். ஒடிச்சு ஒடிச்சுப் பாக்குறேன், வண்டி பாட்டுக்கு நேராப் போவுது. பின்னால பொம்பளைங்க கத்துறாங்க. டாக்டருகிட்ட சொன்னேன். மண்டையில அடிபட்டவங்களுக்கு நடக்காததெல்லாம் நடந்த மாதிரி தோணுமாம். போலீசுல சொன்னேன். தப்பிக்கறதுக்காகக் கத கட்டுறியான்னு கேட்டாங்க."

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொன்னீங்களாண்ணே? டிரெய்லர் மாட்டாதன்னு?"

"சொன்னேன்."

"எந்த எடத்துல நின்னு சொன்னீங்க? எடத்தச் சொன்னா ஞாபகம் வருதான்னு பாக்குறேன்."

"அந்த வேப்பமரத்துகிட்ட."

அவன் திரும்பி மரத்தைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். உதடு அசைந்தது. இல்லாத ஒன்றை அங்கே தேடிக்கொண்டு நின்றான். நான் தேடவிட்டு நின்றேன்.

"வரலண்ணே" என்றான் கடைசியில். "ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப நான்தான் அவங்கள..." முடிக்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனான்.

பொற்செல்வி கொஞ்ச நேரம் அங்கேயே நின்று என்னைப் பார்த்தாள். பிறகு அவன் பின்னால் போனாள்.

நவம்பர் 7, வியாழன்

வேலை இல்லை. வேப்பமரத்தடியில் சருகு கூட்டினேன்.

நவம்பர் 9, சனி

மங்கை சொன்னது: வீரமணி செத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போகிறானாம். நேற்று லோகாம்பாள் வீட்டு வாசலில் விழுந்து, "கலியபெருமாள் அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, நான்தான் கேக்கல, என்னைய என்ன வேணா செய்யுங்க" என்று அழுதானாம். லோகாம்பாளுடைய புருஷன் எழுப்பிவிட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அஞ்சலை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இன்று மதியழகன் வீட்டுக்குப் போயிருக்கிறான். மதியழகன் செருப்பைக் கழற்றி அடித்தாராம். தையல் பிரிந்து ரத்தம். அவன் தடுக்கவே இல்லையாம்.

"நாளைக்கும் போவானாம்" என்றாள் மங்கை. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

நவம்பர் 10, ஞாயிறு

டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு மதியழகன் தெரு முனைவரை போனேன். அவர் வீட்டு வாசலில் வெயிலில் வீரமணி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. என்னை ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். வரிசையாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை மங்கையிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். "எங்கிட்டச் சொல்லி என்னா ஆவப்போவுது? போங்க" என்றாள்.

வீரமணி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். தலைக்கட்டில் புதுத் துணி. பொற்செல்வி பக்கத்தில் குடை பிடித்து நின்றாள். மதியழகன் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. தெருவில் நான்கைந்து பேர்.

வண்டியை நிறுத்தினேன். ஸ்டாண்டு போட வரவில்லை, சுவரில் சாய்த்தேன்.

"வீரமணி, நான் உங்கிட்ட எதயும் சொல்லல" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"டிரெய்லர் மாட்டாதன்னு சொல்லல. ரோட்டுக்கு எடுக்காதன்னு சொல்லல. ஆர்ம்ல விரிசல் இருக்குன்னே உங்கிட்டச் சொல்லல. வெல்டு வச்சு, பெயின்ட் அடிச்சு மறச்சுக் குடுத்தேன். நீதான் கேட்ட. வண்டியில ஏறி ஒக்காந்துக்கிட்டு, தாங்குமாண்ணேன்னு கேட்ட. கண்ண மூடிக்கிட்டு ஓட்டுடான்னு சொன்னேன்."

பொற்செல்வி குடையை மடக்கினாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றான் வீரமணி.

சொன்னேன். முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவன் பக்கத்தில் கிடந்த கம்பை ஊன்றி எழுந்தான். கதவைக் காட்டினான். "அங்க கேக்குற மாதிரி சொல்லுங்க."

மூன்றாவது தடவை கத்திச் சொன்னேன். மதியழகன் வெளியே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார்.

"இருவத்தெட்டு நாளு ஆச்சு" என்றார். "முந்தாநாளு இவன செருப்பால அடிச்சேன். நீ எங்க இருந்த?"

"பட்டறையில இருந்தேன்" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. உள்ளே சுவரில் அந்தப் பெண்ணின் படம் தெரிந்தது. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் ஒட்டிய படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், சீருடையில் இருந்தாள்.

பொற்செல்விதான் முதலில் பேசினாள். "ஸ்டேஷனுக்கு வாங்க. இப்பவே. நாளைக்குன்னா ஒங்களுக்கு மனசு மாறிடும்."

ஒரு ஆட்டோ பிடித்தோம். அவன், அவள், நான். அவள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். வழி முழுக்க அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். மன்னிச்சிடு என்று சொல்ல இரண்டு தடவை வாயைத் திறந்தேன். அந்த வார்த்தையை அவனிடம் கொடுத்தால் அதற்கும் அவன்தான் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இல்லை. எழுத்தர் எங்களைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். "எல்லாம் எழுதி முடிச்ச கேஸு. இப்ப வந்து ஏங்க?" என்று சலித்துக்கொண்டார். பொற்செல்வி, "எழுதி முடிச்சதத் திருப்பி எழுதுங்க சார், நாங்க இருக்கோம்" என்றாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் ஒரு கோடி. அவர்கள் இருவரும் மறு கோடி.

வீரமணி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வைத்திருந்தான். எதையோ பிடித்துக்கொண்டிருப்பது போல விரல்கள் மடங்கியிருந்தன. மெதுவாக இடது பக்கம் திருப்பினான். மறுபடி திருப்பினான்.

"நான் ஒடிச்சேன் பொற்செல்வி" என்றான்.

"தெரியும்."

"கத இல்ல. நெசமாவே ஒடிச்சேன்."

"எனக்குத் தெரியும்யா. நீ ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதுலேருந்து தூக்கத்துலகூட அதத்தான் செஞ்சுக்கிட்டிருக்க" என்றாள். அவனுடைய கைகளைப் பிடித்து மடியில் இறக்கி வைத்தாள்.

அவன் அப்போதுதான் அழுதான். லோகாம்பாள் வீட்டு வாசலில் அழுததாக மங்கை சொன்ன மாதிரி இல்லை. வாய்விட்டு, சின்னப் பிள்ளை போல. எழுத்தர் எழுந்து நின்று பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். என் பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள். பெஞ்சுக்கும் மேஜைக்கும் நடுவே அவர்கள் கால்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. வீரமணி தன் கால்களை மடக்கி எனக்கு வழி விட்டான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.